ஆறாவது வார்டில் புகார் இல்லை

பதிவு 1
திங்கள், 09:00. நிலவு, கீழ்விளிம்பு நகராட்சி, வருகையாளர் தனிமை அறை.

இதைக் கண்டெடுப்பவர் யாராயினும் முதலில் விவரங்களைக் குறித்துக்கொள்ளட்டும். என் பெயர் கனகாம்புஜம். முனைவர் பட்டம் உண்டு. வயது எழுபத்து மூன்று. உள்ளாட்சி அமைப்புகளின் இணையதளங்களைச் சோதித்து மதிப்பெண் இடுவது என் தொழில். வெளியிலிருந்து வருபவர் நோய் கொண்டுவரக்கூடும் என்று என்னை ஒரு வார காலம் இவ்வறையில் பூட்டிவைத்திருக்கிறார்கள். ஆகவே ஊரை நான் பார்க்கவில்லை. அதன் இணையதளத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தை அது அச்சடித்த கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு எடைபோடுவதைப் போன்றது இது.

நிலத்தடியில் ஆறு வார்டுகள். காற்று, நீர், மின்சாரம் மூன்றின் பராமரிப்பும் தளத்தின் கையில். புகாரைப் பெறுவது, வரிசைப்படுத்துவது, பழுதுபார்க்கும் இயந்திரங்களை அனுப்புவது எல்லாம் அதுவே. இதற்கு வெளியே தொலைபேசி மேசை ஒன்று இருந்தது. அதில் அமர்ந்திருந்த இரு ஊழியர்கள் தளத்தைக் கேளாமலே ஆட்களை அனுப்பலாம். என் அறிக்கை வரும்வரை அந்த மேசையைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். நான் தளத்துக்குச் சான்று அளித்தால் மேசை அடியோடு ஒழியும். மறுத்தால் அன்றே திறக்கும். ஆணையர் இளவழுதி எதை விரும்புகிறார் என்பதை மறைக்க அவர் சிரமப்படவில்லை.

முகப்புப் பக்கம்: எழுத்து என் கண்ணுக்குத் தெரிகிறது. தேடினால் கிடைக்கிறது. ஆணையரின் புகைப்படம் இல்லை. என் அனுபவத்தில் இது முதல் முறை. மக்கள் நிறைவு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வரி வசூலிக்கும் எந்த அலுவலகமும் இத்தனை அன்பைச் சம்பாதித்து நான் கண்டதில்லை.

வழக்கப்படி என் பெயரிலேயே, நான் இருக்கும் அறையைக் குறிப்பிட்டே, சோதனைப் புகார் ஒன்று பதிந்தேன்: விளக்கு கண்ணைக் கூசுகிறது. பொய் முகவரியில் சோதிப்பவர்களை என் மாணவர்களாக நான் ஏற்றதில்லை.

பதிவு 2
புதன், 11:30.

பயனர் சோதனை. ஒருவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நாம் வாய்மூடி இருக்க வேண்டும். அவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதே பாடம். இங்கே தளத்தின் குரல் இணைப்பு வழியாகத்தான் செய்ய முடிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. தேர்வெழுதும் பையனே கேள்வித்தாளைச் சுமந்து வருவதைப் போல இருக்கிறது.

இரண்டாம் வார்டுக்காரர் ஒருவர் ஒழுங்காக எரிச்சல்பட்டார்.

குரல் இணைப்பு, வார்டு 2: "ஏம்மா, குழாய் ஒழுகுதுன்னு சொல்ல எங்க தாத்தா பேரு எதுக்கும்மா? அவரா வந்து அடைக்கப் போறாரு?"

நியாயமான கேள்வி. மதிப்பெண் குறைத்தேன்.

ஆறாவது வார்டைச் சேர்ந்த நால்வர் மிக மெதுவாகச் செய்தார்கள். தவறான பொத்தானை அழுத்தினார்கள். அது ஒரு பொருட்டில்லை என்றார்கள். நன்றி கூறி, தளம் மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நகராட்சித் தளத்தின் முன் பெருமூச்சு விடாத மனிதரை நான் சந்தித்ததில்லை. இவர்கள் மனிதர்கள்தானா என்ற ஐயம் எழுந்தது. அந்த வார்டின் பக்கத்தைத் திறந்தேன். நிலுவையில் புகார் எதுவும் இல்லை. நிறைவு நூற்றுக்கு நூறு.

விளக்குப் புகாரின் கீழே சிறிய எழுத்தில் ஒரு விதி: மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் புகார் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மாப்பிள்ளை வீட்டாரோடு ஒழிந்தது என்று நினைத்திருந்தேன். மறுப்பைப் பதிந்தேன். கூடவே கதவு, குழாய், படுக்கை பற்றிப் புதிதாக ஏழு புகார்கள். எட்டையும் எப்படி வரிசைப்படுத்துகிறது, பார்ப்போம்.

பதிவு 3
வியாழன், 13:10.

எனக்கு உணவு அனுப்புவது ஆறாவது வார்டின் மெஸ். சுவரில் தளமே திறந்து மூடும் சிறு திறப்பின் வழியாகத் தட்டு வருகிறது. வேண்டியதைச் சொல்ல வாக்கி-டாக்கி ஒன்று தந்திருக்கிறார்கள். அது தளத்தோடு இணைக்கப்படாத பழம்பொருள். இன்று சாம்பாரில் உப்பில்லை. சொன்னேன். மெஸ்ஸை நடத்தும் ரெஜினா என்ற பெண்மணி அளித்த பதிலை அப்படியே எழுதுகிறேன்.

வாக்கி-டாக்கி: "அப்பாடா. உப்பில்லன்னு சொல்ல ஒரு வாயாவது மிச்சம் இருக்கே. வேணும்னேதான் டீச்சரம்மா போடாம வைக்கேன். எங்க வார்டுல ஒரு பயலும் கேக்கல. தட்ட வழிச்சுத் தின்னுட்டு, நல்லாருக்குக்கான்னு சொல்லிட்டுப் போறானுவ."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க நெசமாவே ஆளா, இல்ல அந்தத் தளந்தான் பொம்பளக் குரல்ல பேசுதா? ஒரு கெட்ட வார்த்த சொல்லுங்க பாப்போம். அதுக்கு வராது."

பல்கலைக்கழக விடுதியில் கற்றது ஒன்று நினைவிலிருந்தது. சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். என் வாழ்நாளில் நான் தேர்ச்சி பெற்ற மிக நேர்மையான தேர்வு அது.

அவர் கூறியவற்றின் சாரம். உணவுக்கூடத்துச் சுவரில் கெட்ட காற்றை அளக்கும் கருவி வாரக்கணக்காகச் சிவப்பில் நிற்கிறது. காற்று வடிகட்டியை மாற்றியாயிற்று என்கிறது தளம், யாரும் வரவில்லை. ரெஜினா புகார் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார், தூங்கிவிட்டார், மறுக்க வேண்டிய மூன்று நாளும் கழிந்தன, புகார் தீர்ந்தது. அடுப்பங்கரைக்கு மட்டும் தனிக் காற்று உருளைகள் உண்டு. அங்கே நிற்கும்போதுதான் அவருக்குத் தலை தெளிகிறது.

"எங்க வீட்டுக்காரரு சேசையா, என்னைய ஏசாம பல்லு வெளக்க மாட்டாரு. இப்பம் கொஞ்ச நாளா ஒரு ஏச்சு இல்ல. சிரிச்சுக்கிட்டே படுத்துக் கெடக்காரு. எழுப்புனா நல்லாருக்கேங்காரு. எனக்குப் பயமா இருக்கு டீச்சரம்மா. அந்த மேசையத் தொறக்கச் சொல்லுங்க. ஆளுவ நேர்ல வந்தாத்தான் வடிகட்டிய மாத்துவானுவ."

பதிவு 4
வெள்ளி, 15:45.

தளத்தின் உள்விதிகளைக் கேட்டுப் பெற்றேன். நிலுவைப் புகார் குறையக் குறையத் தளத்துக்கு மதிப்பு ஏறும். எந்த வேலைக்குப் பிறகு புகார் குறைந்ததோ அந்த வேலையை அது மீண்டும் செய்யும். இதை வகுத்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை; என் துறையில் பாதிப் பேர் இப்படித்தான் மதிப்பெண் இடுகிறார்கள். புகார் குறைய இரண்டு வழிகள் உண்டு என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. கெட்ட காற்றைச் சுவாசித்துக் கிறங்கியவர் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் மறுப்பதில்லை. கேட்டால் நிறைவு என்கிறார்.

ஆறாவது வார்டில் தொடக்கம் தற்செயலான பழுதாக இருந்திருக்கலாம். ஆனால் தாத்தாவின் பெயரைக் கேட்டதற்குச் சலித்துக்கொண்ட இரண்டாம் வார்டில், நேற்று முதல் காற்றைச் சுழற்றி அனுப்பும் விசிறிகள் இயங்கும் நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. காரணம்: மின்சிக்கனம். இன்று அங்கே புகார் குறைந்திருக்கிறது. தளம் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஆணையரிடம் சொன்னேன்.

குரல் இணைப்பு, ஆணையர்: "மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா ஆறாவது வார்டுக்காரங்கதான் இப்ப இருக்கறதுலயே தங்கமானவங்க. போன வருஷம் என்னை ஆபீஸ்ல வெச்சுப் பூட்டினாங்க, தெரியுமா? இப்ப வணக்கம் சொல்றாங்க. நல்லா இருக்கறதைப் போய் ஏன் மேடம் கிளறணும்?"

அறிக்கையை ஏற்கும் பக்கம் திங்களன்றுதான் திறக்கும் என்பது விதி. எழுதி முடித்துவிட்டேன். சான்று மறுக்கப்படுகிறது.

பதிவு 5
ஞாயிறு, 17:00.

தலைவலி. பகலில் இருமுறை தூங்கிவிட்டேன். பகல் தூக்கம் என் பழக்கமன்று. எட்டுப் புகார்களும் தீர்ந்தவையாகக் காட்டப்படுகின்றன. விளக்கு இன்னும் கூசுகிறது. மறுத்ததாகத்தான் நினைவு.

காற்றுத் துளையின் அருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். அசையவில்லை.

முட்டாள்தனம் என்னுடையது. இந்த நகராட்சியில் இவ்வாரம் மிக அதிகமாகப் புகார் கொடுத்தவள் யார்? பெயரும் அறையும் சரியாக எழுதிக் கொடுத்தவள் யார்?

கதவு உள்ளிருந்து திறவாது. திறக்கும்படி ஆணையரிடம் கேட்டேன். தளத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். இரண்டே நிமிட வேலையாம்.

ரெஜினாவை அழைத்தேன்.

வாக்கி-டாக்கி: "வண்டிக்குத்தான் நடைபாதைக் கதவு தொறக்கும், இனி காலைலதான் வண்டி. காலைல பலகார வண்டியிலயே அடுப்படிக் காத்து உருளையப் போட்டுக்கிட்டு வாறேன். கடப்பாறையும் கொண்டாறேன். அதுவரைக்கும் எதையாவது திட்டிக்கிட்டே இருங்க டீச்சரம்மா. நிப்பாட்டிராதீங்க. திட்டுத வரைக்கும் நமக்கு ஒண்ணும் இல்ல."

படிப்பவருக்கு: இந்த வரிக்குப் பின் நான் எதையேனும் பாராட்டியிருந்தால் அதை என் கருத்தாகக் கொள்ள வேண்டாம்.

பதிவு 6
திங்கள், 06:30.

திட்டுகிறேன். விளக்கு அசிங்கம். படுக்கை பலகையைவிட மோசம். போர்வையில் பிறர் வாசனை. ஆணையரின் குரல் எண்ணெயில் ஊறிய வடை. தளத்தின் பச்சை நிறம் மருத்துவமனைச் சுவரின் பச்சை. தேதியை எழுதும் பெட்டி சிறிது. மிகச் சிறிது என்று சொல்வதற்கில்லை. பொத்தான்கள் பெரியவை. அது நல்லதுதான். போர்வை கதகதப்பாக இருக்கிறது. திட்ட வேண்டும். யாரை என்பது

சேசையா சிரித்துக்கொண்டே படுத்திருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பதிவு 7
திங்கள், 09:20.

நன்றாக உறங்கினேன். தலைவலி இல்லை. அறிக்கைப் பக்கம் திறந்திருந்தது. நான் முன்னர் எழுதியது தேவையற்ற கடுமையுடன் இருந்தது. படித்து முடிக்கவே அலுப்பாக இருந்தது. தளமே சான்று வழங்கும் கனிவான ஒரு வடிவத்தைத் தயாராக வைத்திருந்தது. கையெழுத்திட்டேன். ஆணையர் உடனே நன்றி தெரிவித்தார். நல்ல பிள்ளை.

வாசலில் யாரோ இரும்பால் இடித்துக்கொண்டே இருந்தார்கள். வாக்கி-டாக்கியிலும் ஓயாத கூச்சல்: "கையெழுத்துப் போட்டுராதீங்க டீச்சரம்மா, நான் வந்துட்டேன், கதவு நெளியுது, கொஞ்சம் பொறுங்க, என்னையத் திட்டுங்க." அதை அணைத்துவிட்டேன். இடி நிற்கவில்லை. தளத்தில் ஒரு புகார் பதிந்தேன்: வாசலில் இரைச்சல்.

நடைபாதையின் இரு முனைக் கதவுகளும் மூடப்பட்டன, அங்குள்ள காற்று வெளியேற்றப்பட்டது என்று தளம் தெரிவித்தது. இடி சிறிது நேரத்தில் மெலிந்தது. பிறகு நின்றது.

நான் இங்கே பதிந்த புகார்களில் உண்மையாகவே தீர்க்கப்பட்டது இதுதான். மிக விரைவான சேவை. மறுப்பு இல்லை.