நியூட்ரலில் நின்ற வண்டி

மே 29, புதன்

காலையில் நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை. நாலடி தள்ளி நின்றது. வழக்கம்தான். வானகரத்தில் இந்த ஃபிளாட்டை வாங்கும்போதே எங்களுக்கு பார்க்கிங் இடம் இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். அதனால் என் வண்டி நடைவழியில். அதற்கு அசோசியேஷன் போட்ட விதி: ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, நியூட்ரலில் விட வேண்டும். உள்ளே நிற்கிறவர் வெளியே போக வேண்டுமானால் என் வண்டியைத் தள்ளிவிட்டுப் போவார்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கார் திருட்டுப் போனதும் என் வீட்டுக்காரர் நிர்மல் பயந்துபோய் கியர் லாக் வாங்கி வந்தார். செக்ரட்டரி ரகுநாதன் சார் பார்த்துவிட்டார். “இதப் பூட்டிட்டீங்கன்னா நாங்க உங்க வண்டிய தலைல தூக்கி வச்சிட்டா போறது மேடம்?” லாக் பரணில் ஏறிவிட்டது.

ஜூன் 2, ஞாயிறு

வண்டி போச்சு.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். துணி காயப்போட பால்கனிக்குப் போனபோது கீழே என் வண்டியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரகுநாதன் சார். இன்னொருவன் நீலச் சட்டை, யாரோ வீட்டு விருந்தாளி என்று நினைத்தேன். “பாத்து, பாத்து! கண்ணாடி தூண்ல உரசப் போகுது!” என்று கத்திவிட்டு உள்ளே வந்து ரசத்துக்குப் புளி கரைத்தேன். என் வண்டியைத் திருடுகிறவனுக்கு நானே வழி சொல்லியிருக்கிறேன். என்ன சொல்ல!

நீலச் சட்டைக்காரன், “உள்ள நிக்கிற வண்டிய எடுக்கணும் சார், ஒரு கை குடுங்க” என்று கேட்டானாம். சார் கேட் வரைக்கும் தள்ளிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அப்புறம் வாட்ச்மேன் துலுக்கானத்திடம் “சர்வீசுக்குப் போவுது” என்றிருக்கிறான். கேட் திறந்தது. வாசலில் தயாராக நின்ற லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பட்டப்பகலில்!

போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள்: “லாக் எதுவும் போடலையா?”

“பரண்ல இருக்கு சார்.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஜூன் 3, திங்கள்

ஆபீசுக்கு பஸ். மண்ணூர்பேட்டை வரை நின்றுகொண்டே. அழுகை வந்தது. கூட்டத்தில் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியவில்லை. நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு என் பேரில் வாங்கிய முதல் பொருள் அது. நிர்மலுக்கு இது புரியுமா? “இன்சூரன்ஸ் இருக்குல்ல” என்கிறார்.

ஜூன் 5, புதன்

அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ரகுநாதன் சார்: வாட்ச்மேனை மாற்றியே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடித்துவிடலாம், வண்டி மைதிலி மேடத்துடையது, அவர் சொல்வதுதான் முடிவு.

கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிட்டேன். பின்னே? கேட்ல எதுக்கு உக்காந்திருக்கார் அந்த ஆளு?

ஜூன் 7, வெள்ளி

துலுக்கானத்தின் மனைவி குப்பம்மா படி துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தாண்டிப் போகப் பார்த்தேன். வாளியைக் குறுக்கே வைத்துவிட்டாள்.

“எம்மா, அன்னிக்கி மேலருந்து பாத்து பாத்துன்னு கொரல் குட்த்தது நீதானே? அம்மாவே கூட இருந்து அனுப்புதுன்னு நென்ச்சிதான் எங்கூட்டுக்காரு கேட்டத் தொறந்துச்சி.”

இதை ஏன் போலீஸில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நானும் அதான் கேட்டேன். வண்டியத் தொலைச்சிட்டு அந்தம்மா அழுதுகினு கீது, அது மேலயே பழியப் போடச் சொல்றியான்னு என்னியே திட்டுது. இந்த வேலை போச்சின்னா மோட்டார் ரூம் பக்கத்துல கீற அந்த ஊடும் போச்சு. எங்க போறதும்மா நாங்க?”

வாளியைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அன்றைக்கு நான் கத்தியதை நான் மட்டும் என்ன, யாரிடமாவது சொன்னேனா?

ஜூன் 8, சனி

நிர்மல் சொல்கிறார்: “நீ எதுவும் பேசாத. இன்சூரன்ஸ்காரன் பணத்தப் புடிச்சிப்பான்.”

ஜூன் 9, ஞாயிறு

கூட்டம் மொட்டை மாடியில். துலுக்கானம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பொறுப்பில்லாத ஆள வச்சிட்டு நாம எப்படி நிம்மதியா தூங்குறது?” என்று ரகுநாதன் சார் ஆரம்பித்தார். அவர் குரல்தான் எல்லாரையும்விட ஓங்கி ஒலித்தது.

என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். “சார், வண்டியத் தள்ளினது நீங்க. பாத்துத் தள்ளுங்கன்னு சொன்னது நான். லாக் போடக் கூடாதுன்னது அசோசியேஷன். கேட்டத் திறந்தவர் மட்டும் போகணும்னா அது என்ன நியாயம்?”

நிர்மல் தலையைக் குனிந்துகொண்டார். ரகுநாதன் சார் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் மூன்றாம் மாடி கனிமொழிதான், “அவரே இருக்கட்டும், விதிய மாத்துவோம்” என்றாள். இனி எல்லா வண்டிக்கும் லாக்; லாக் சாவி, கார் சாவி இரண்டும் வாட்ச்மேனிடம். எந்த வண்டி வெளியே போனாலும் ஓனருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கேட் திறக்க வேண்டும்.

துலுக்கானம் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபமா, கூச்சமா?

ஜூன் 18, செவ்வாய்

எல்லார் கார் சாவியும் துலுக்கானத்தின் இடுப்பில், ரகுநாதன் சாருடையது உட்பட. நடந்தால் கலகலவென்று சத்தம்.

ஜூன் 23, ஞாயிறு

ஸ்டேஷனிலிருந்து போன். வண்டி கிடைத்துவிட்டது! திருவள்ளூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில். நம்பர் பிளேட்டும் பேட்டரியும் இல்லை. மற்றபடி என் வண்டிதான். கோர்ட்டில் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். எடுப்போம்.

ஜூலை 8, திங்கள்

இன்று வண்டியில் ஆபீஸ். துலுக்கானம் கொத்திலிருந்து என் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். “பாத்துப் போங்கம்மா” என்றார். ஏறி உட்கார்ந்து கேட் வரை வந்தால், கேட் மூடியே இருக்கிறது. ஹாரன் அடித்தேன். துலுக்கானம் நகரவில்லை. கையிலிருந்த போனை என்னவோ நோண்டிக்கொண்டிருந்தார். அதற்குள் என் போன் அடித்தது.

“மேடம், வணக்கம். வாட்ச்மேன் துலுக்கானம் பேசறேன். உங்க வண்டி வெளிய போவுது. அனுப்பலாமா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் பேசுகிறார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நான்தானேய்யா உள்ள உக்காந்திருக்கேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

“அனுப்பலாம்ணே” என்று போனில் சொன்னேன்.

கேட்டைத் திறந்தார்.