பீரோவில் இருக்கும் கோடி வேட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெகதீஸ்வரன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தனியாகப் போகாதீர்கள்.

இப்போது நாகாலாந்தில் ஒரு மலைக்கிராமத்தில் தண்ணீருக்குப் போர் போடுகிறோம். இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. ரிக் வண்டி நிற்க மண்ணை வெட்டியபோது, துருப்பிடித்த இரும்புத் தொப்பியும் சில எலும்புகளும் கிடைத்தன. மாட்டெலும்பு என்று காலால் தள்ளிவிட்டேன். தொப்பியில் இரண்டு நாள் சேறு அள்ளினேன். ரிக் பூஜைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவனும் நான்தான்.

மூன்றாம் நாள் நிலத்துக்கார அம்மா பார்த்துவிட்டார். உலகப்போர்க் காலத்தில் இங்கே நடந்த சண்டையில் செத்த ஜப்பான் சிப்பாய் என்றார். என்னைத் திட்டவில்லை. தன் சால்வையை விரித்து, சேற்றில் ஒவ்வொரு எலும்பாகத் தேடி எடுத்து வைத்தார். நானும் மண்டியிட்டுத் தேடினேன்.

"சாமி, இவன் வருவான்னு ஊட்டுல எத்தன வருசம் பாத்துட்டு இருந்தாங்களோ" என்றார் எங்கள் டிரில்லர் சின்னண்ணன்.

எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. ராணுவத்தில் இருந்தபோது பனிச்சரிவில் போன தமிழரசு மாமாவின் உடல் வராமல், சட்டையை வைத்துத்தானே காரியம் செய்தோம்? அவர் எலும்பை எவன் காலால் தள்ளினானோ.

நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன ஊறுகாய் வேண்டாம். எலும்புகளை வாங்கிப்போக அதிகாரிகள் இன்னும் வரவில்லை. அவை அந்தச் சால்வையிலேயே இருக்க, அந்த அம்மா குளிரில் இருக்கிறார். மாமாவுக்குப் போர்த்த நீங்கள் வாங்கி, இன்னும் பீரோவில் வைத்திருக்கும் கோடி வேட்டியைப் பார்சலில் அனுப்ப மனம் வருமா?

கம்ப்ரசரைப் போட்டுவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
ஜெகதீஸ்வரன்