ஈர மண்ணில் இறங்கிய டிராக்டர்

என் பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம்தானே? மாமாவின் இருமல் குறைந்ததா? நான் நலம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பாப்பா மக்காச்சோளச் செடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் முகத்துக்கு முன் எனக்கு அந்த வேர்தான் கண்ணில் பட்டது. ஒரு சாண்கூட இறங்காமல் பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. மழை விட்ட மறுநாளே உங்கள் தம்பி டிராக்டரை இறக்கிவிட்டார், அப்படித்தானே? கேட்டால், "அண்ணி படிச்ச படிப்பை அங்கேயே வச்சுக்கட்டும்" என்பார். ஈரத்தில் டிராக்டர் பாரம் அழுத்தி அடிமண் செங்கல்லாக இறுகிக் கிடக்கும்போது மேலே எத்தனை மூட்டை உரம் கொட்டி என்ன?

நான் வேலை பார்க்கும் இந்தப் பண்ணையிலும் முந்தாநாள் ஈர வயலில் டிராக்டரை இறக்கப் பார்த்தார்கள். குறுக்கே போய் நின்றேன். "தள்ளும்மா, சேத்தோட சேர்ந்து நீயும் புதைஞ்சுடுவ" என்றார் மேனேஜர். முழங்கால் வரை சேறானதுதான் மிச்சம், பயப்படாதீர்கள். டிராக்டர் இறங்கவில்லை.

இந்த விளைச்சல் வந்தால் நான் திரும்பிவிடலாம் என்று பேசியிருந்தோம். உங்கள் தம்பியின் அவசரத்துக்காக இன்னொரு வருடம் பிள்ளையைப் படத்தில் பார்க்க வேண்டுமா? அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில்லையா?

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கப் போனேன், அளவு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

விடிந்தால் வேலை, முடிக்கிறேன். அடுத்த உழவுக்கு முன் மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் டிராக்டர் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி முறைத்தால் முறைக்கட்டும். நான் அதைவிட அதிகமாக முறைத்துக்கொண்டிருக்கிறேன்.