வெள்ளையில் வெள்ளை

டிசம்பர் 4
வருஷக் கடைசி விருந்துக்கான மேசைவிரிப்பைப் பெட்டியிலிருந்து இறக்கினேன். மடிப்பில் மஞ்சள் கோடு. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போட்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் சாப்பிடும்போது கை துடைக்க ஆளுக்கொரு கைத்துணி. மூலையில் அத்தை தைத்த பூ. கணவருக்கு நீலம், அவருடைய மகளுக்கு மஞ்சள், அத்தைக்குச் சிவப்பு. விருந்தாளிகளுக்கு வெறும் வெள்ளை. கல்யாணமான வருஷம் எனக்கும் வெள்ளை கிடைத்தது. பதினோரு வருஷமாக அதுவேதான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

டிசம்பர் 9
மகள் போன் செய்தாள். "சித்தி, இந்தத் தடவை விருந்துக்கு அம்மாவும் வரட்டுமா?"
வரட்டும் என்றேன்.
"நிஜமாவா? கோபம் இல்லியே?"
அவரிடம் சொன்னேன். "உனக்குச் சரின்னா எனக்கும் சரி." எல்லோருக்கும் என் சம்மதம் வசதியாக இருக்கிறது.

டிசம்பர் 12
பச்சைப் பூ போட்ட துணி இழுப்பறையின் அடியில் இருந்தது, பாச்சை உருண்டையோடு. மகளின் அம்மாவுடையது. அவள் இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு வருஷம். துவைத்தேன். இஸ்திரி போட்டேன். ஒரு துணிக்கு அவ்வளவு நேரமா?

டிசம்பர் 15
அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார்.
"உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"
"இப்போ எதுக்கு அத்தை?"
"கேட்டதுக்குப் பதில் சொல்லு."
"வெள்ளையே போதும். பழகிடுச்சு."
"கொழுப்புடி உனக்கு."
உள்ளே போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பதினோரு வருஷம் கழித்தா கேட்பது?

டிசம்பர் 16
அத்தை காபியைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 30
காலையிலேயே மேசை போட்டேன். பத்துத் தட்டு. இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி, கத்தி முனைக்கு நேராகக் கண்ணாடி டம்ளர். பச்சையை எங்கே வைப்பது? அவர் பக்கத்திலா? — அது என் இடம். மகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளைத் துணிகளை மடிக்கும்போது ஒன்றில் விரல் தட்டியது. மூலையில் வெள்ளை நூலில் ஏதோ தையல். பூவாம். தடவினால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, அத்தை தடவித் தடவித்தான் தைத்திருக்க வேண்டும். அதை என் தட்டருகே வைத்தேன்.

சாப்பிடும்போது அதில் கை துடைக்க மனம் வரவில்லை. எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.
"துடைக்கத்தானே தைச்சேன்? பெட்டியில வச்சுப் பூட்டவா?" என்றார் அத்தை, தட்டிலிருந்து தலை தூக்காமல்.
துடைத்தேன்.
மகளின் அம்மா போகும்போது, "மேசை ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள். நன்றி சொன்னேன். பச்சைத் துணியை மடித்துத் தட்டருகிலேயே விட்டுப் போயிருந்தாள்.

டிசம்பர் 31
எல்லாம் துவைத்துக் காய்ந்தது. ஆறு வெள்ளைத் துணிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து என்னுடையதைப் பிரித்தேன். விருந்தாளித் துணிகளோடு வைக்கவில்லை. வீட்டு இழுப்பறையில், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில்.