பின்சீட் உயரமான வண்டி

பாய்,

முதல் சர்வீஸ் முடிந்து இன்று மத்தியானம் வண்டியை எடுத்து வந்தேன். கழுவித் துடைத்தவர்கள் சைலன்சரில் பாலிஷ் எதையோ பூசிவிட்டிருக்கிறார்கள் போல. ஆர்.எஸ்.புரம் வந்து சேருவதற்குள் அது சூட்டில் கருகி, லேசாகப் புகைந்து, மூக்கில் ஏறியது. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. நம் பழைய வண்டியை வாங்கிய அன்று இதே வாசத்தோடு அது புகைந்தது. "மாப்ளே, எறங்குங்க, எறங்குங்க, பத்திக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய், பக்கத்து டீக்கடையில் இருந்த ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து வண்டி மேல் ஊற்றினீர்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, பூசை முடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த எலுமிச்சம்பழத்தை வைத்ததும் நீங்கள்தான். டீக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் மட்டும் காலிக் குடத்தைக் கீழே வைக்காமல், "இன்னும் ஒரு பத்து நிமிசம் பாத்துட்டுப் போலாமுங்க" என்று நின்றீர்கள்.

ஆமாம் பாய், எடுத்துவிட்டேன். அந்த ஸ்போர்ட் டூரரேதான். முன்பக்கம் பந்தய வண்டி மாதிரி கூர்மூக்கு, காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் தூரப் பயணத்துக்குப் பெட்டி மாட்டிக்கொள்ளும் வசதி. அவினாசி ரோட்டு ஷோரூமில் நாம் இரண்டு பேரும் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த அதே ரகம், அதே கருநீலம். ஐம்பத்தேழு வயதில் இதெல்லாம் தேவையா என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். என் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. நான் குனிந்து உட்கார்ந்து தெருவில் ஒரு சுற்று போய்வந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க வண்டி ஓட்டற மாதிரியே தெரியலீங்க. வண்டி உங்களத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பழைய வண்டியில் இரண்டு காலும் தரையில் அழுத்தமாகப் பதியும். இதில் முன்பாதம்தான் எட்டுகிறது. காந்திபுரம் சிக்னலில் நின்றால் இன்ஜின் சூடு தொடையை வாட்டுகிறது. கொஞ்சநாள் போகும்வரை முறுக்காமல் ஓட்டுங்கள் என்று ஷோரூமில் சொல்லி அனுப்பினார்கள். நான் முறுக்கவே வேண்டியதில்லை, கை சும்மா இருந்தாலே அது எண்பதில் போகிறது. மூன்றாம் நாள் எங்கள் சந்தில் வண்டியைத் திருப்பும்போது, ஹேண்டில் முழுசாக மடங்கியிருக்கையில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் அப்புறம் நம் பேச்சைக் கேட்பதில்லை. மெதுவாக, மரியாதையாகப் படுத்துக்கொண்டது. கூடவே நானும் படுத்தேன். எதிர்வீட்டு டாக்டரும் அவர் வீட்டு வாட்ச்மேனும் வந்துதான் எங்கள் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தினார்கள்.

விழுந்ததைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் லைசென்சைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

நம் பழைய வண்டியில் கண்ணாடி கிடையாது அல்லவா? கோட்டைமேட்டுச் சந்துகளில் உங்களை ஏற்றி இறக்கும்போதெல்லாம் எதிலாவது இடிக்கிறது என்று இரண்டையும் நீங்களே கழற்றி உங்கள் வீட்டுப் பரணில் போட்டீர்கள். "நான் எதுக்குங்க பின்னால உக்காந்திருக்கறேன்? நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். வலது தோளில் ஒரு தட்டு தட்டினால் பின்னால் யாருமில்லை, போகலாம். இடது தோளில் தட்டினால் பொறுக்க வேண்டும். மடியில் பேரிங் சாம்பிள் பை, தலையில் ஹெல்மெட், வாயில் ஓயாத பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவிலும் தட்டு மட்டும் தப்பாது. மில்லிலும் தறிக்கூடத்திலும் ஆர்டர் பேசுவது என் வேலை. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மிஷின் மேலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வது உங்கள் வேலை. கம்பெனிக்கு நாம் இரண்டு பேர், வாடிக்கைக்காரர்களுக்கு ஒரே ஆள். தனியாகப் போனால், "எங்கீங்க இன்னொருத்தரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஒருமுறை சென்னிமலையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, நல்ல வெயிலில் நீங்கள் தூங்கிப்போய் உங்கள் தலை என் வலது தோளில் சாய்ந்தது. அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு நான் ஒரு லாரியை முந்தினேன். பின்னால் வந்த கார்க்காரர் அடித்த ஹாரனில் விழித்து, "ஏனுங்க மாப்ளே, நான் தட்டவே இல்லியே!" என்று என்னிடமே சண்டைக்கு வந்தீர்கள். வீடு வரும்வரை அது யார் தப்பு என்று பேசிக்கொண்டே வந்தோம். இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

இப்போது என் தப்பு புரிந்திருக்குமே. போன மாதம் திருச்சி ரோட்டில், சூலூர் தாண்டி, ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். புது வண்டியில் இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி கண்ணாடி இருக்கிறது. நான் எதையும் பார்க்கவில்லை. தோள் காத்துக்கொண்டிருந்தது, பாய். காற்றில் என் ஜெர்கின் படபடத்து வலது தோளில் பட்டது. அவ்வளவுதான், வலது பக்கம் ஏறிவிட்டேன். பின்னாலேயே ஒரு பஸ். எப்படித் தப்பித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். பஸ்ஸையும் நிறுத்தி, கண்டக்டர் இறங்கி வந்து திட்டினார். "ஏனுங்க, கண்ணாடி எதுக்குங்க வெச்சிருக்கறீங்க? தல சீவறதுக்குங்களா? ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களா, இல்லீங்களா?" நம்ம ஊரில்தான் சாகப்போனவனையும் 'ங்க' போட்டுத் திட்டுவார்கள். "மன்னிச்சுக்கோங்க, பின்னால ஆள் இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றேன். அவர் காலியாக இருந்த பின்சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கப் பழகுகிறேன். முதலில் கண், அப்புறம் கை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஹெல்மெட் இருப்பதால் பைத்தியம் என்று வெளியே தெரியாது. இப்போது ஏறக்குறைய பழகிவிட்டது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடித்து வீட்டுக்கு வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது என்று படுத்தீர்கள். அன்று சாயங்காலமே உங்களை அடக்கம் செய்துவிட்டு நான் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். பழைய வண்டியை அப்புறம் என்னால் ஓட்ட முடியவில்லை. பின்னால் கனம் இல்லாமல் அது ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளியது. ஆறு மாதம் பஸ்ஸில் போனேன். ஒருநாள் திடீரென்று ஷோரூமுக்குப் போய் இதை எடுத்துவிட்டேன். உங்களுக்கு இடமே இல்லாத வண்டி என்றால், நீங்கள் இல்லாதது தெரியாது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைத்தான் அந்த பஸ் வந்து காட்டியது.

இடமில்லாத வண்டி என்று ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். நான்கு வருஷத்துக்கு முன் அந்த ஷோரூமில், நான் முன்னால் உட்கார்ந்ததும் நீங்கள் வழக்கம்போலப் பின்னால் ஏறப் பார்த்தீர்கள். இந்த ரக வண்டிகளில் பின்சீட் முன்சீட்டைவிட ஒரு சாண் உயரம். உங்கள் மூட்டு அப்போதே தேய்ந்திருந்தது. காலைத் தூக்கினீர்கள், பாதியில் நின்றது. இன்னொரு முறை தூக்கினீர்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இதுக்கு ஒரு ஏணியும் சேத்துக் குடுப்பீங்களாங்க அம்மணி?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டீர்கள். வெளியே வந்ததும் நான், "வேண்டாமுங்க பாய், எனக்கு முதுகு தாங்காது" என்றேன்.

என் முதுகுக்கு ஒன்றுமில்லை. உங்களை விட்டுவிட்டு அந்த வண்டியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று மறைத்தேன். நீங்களோ என்னைச் சும்மா விடவில்லை. ரோட்டில் எந்தப் பெரிய வண்டி போனாலும் பின்னாலிருந்து, "முதுகுங்களா மாப்ளே, பயமுங்களா?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். தாராபுரம் மில்லில் எல்லோர் முன்னாலும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றீர்கள். உள்ளுக்குள் எனக்குக் கோபம்கூட வந்ததுண்டு. இந்த மனுஷருக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன், இவரே கேலி செய்கிறாரே என்று.

அதனால்தான் வண்டியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பயந்தேன். புது வண்டி எடுத்தால் முதலில் வேண்டப்பட்டவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதுதானே வழக்கம். நான் ஒரு மாதமாகக் கோட்டைமேட்டுப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன். எப்போது போவார், வண்டி எடுக்கலாம் என்று காத்திருந்தேன் என, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உங்கள் மனைவி நினைத்துவிட்டால்? அவள் முகத்தில் ஒரு வினாடி அப்படி ஒரு எண்ணம் ஓடினாலும் வண்டியை அன்றே விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கடைசியில் என் வீட்டிலிருந்துதான் உத்தரவு வந்தது. "அவங்க ஊட்டுக்குப் போகாம இன்னொரு நாள் இந்த வண்டி வாசல்ல நிக்கக் கூடாதுங்க" என்று ஒரு இனிப்புப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். சத்தம் கேட்டு வெளியே வந்த தங்கச்சி, வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வண்டி எடுத்து ஒரு மாசமாச்சாமுங்கண்ணா. ஊருக்கெல்லாம் தெரியுது, எங்களுக்குச் சொல்லக் கூடாதுங்களா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க தங்கச்சி. பாய் இருக்கறப்ப எடுக்காம, இப்ப போயி…"

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையை அதன் மேல் வைத்து, தன் இடுப்போடு உயரம் பார்த்தாள். "இத்தன ஒசரமா!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம், "உள்ள வாங்கண்ணா, ஒண்ணு காட்டறேன்" என்றாள்.

காட்டியது உங்கள் வீட்டு சோபாவை. அதன் இடதுபக்கக் கைப்பிடி கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இது அவரு வேலைங்கண்ணா. காலைல தொழுதுபோட்டு வந்தாருன்னா, இந்தக் கை மேல கால வீசி வீசிப் போடுவாரு. மொதல்ல அஞ்சு தடவ, அப்பறம் பத்து, இருவது. பழகுனதும் தலகாணிய அடுக்கி ஒசரம் கூட்டிக்குவாரு. எனக்கு பயமாப் போச்சுங்க. என்னங்க இதுன்னா, 'மாப்ள முதுகுவலின்னு கத உட்டுட்டுத் திரியறாரு. எம் மூட்டுக்காகத்தான் அந்த வண்டிய எடுக்காம இருக்கறாரு. நான் ஏறிக் காமிச்சுட்டா அடுத்த நாளே எடுத்துப்போடுவாரு. அதுவரைக்கும் நான் அவர உசுப்பேத்திட்டே இருக்கறேன், நீ வாயத் தொறக்காத'ன்னாருங்க."

நான் அந்த சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் பாய், தங்கச்சி முன்னால் என்ன மானம் என்று நன்றாகவே அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது. மில் முழுக்க என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடியக்காலையில் ஐம்பத்தெட்டு வயது மனுஷர் சோபா மேல் காலை வீசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு மேல் நான் உங்களிடம் மறைத்தேன், நீங்கள் என்னிடம் மறைத்தீர்கள். இரண்டு பேரில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உங்களை ஏற்றியிருக்க மாட்டேனா?

தேநீரைக் கையில் கொடுக்கும்போது தங்கச்சியிடம் கேட்டேன். "கடைசியா எத்தன தலகாணி வரைக்கும் வந்திருந்தாருங்க?"

"மூணுங்கண்ணா," என்றாள். "நாலு வெச்சா அந்த வண்டி ஒசரமாம். ரம்ஜானுக்குள்ள நாலாவது வெச்சுருவேன்னு சொல்லிட்டிருந்தாருங்க."

வண்டியை விற்கப்போவதில்லை. அடுத்த வாரம் தாராபுரம் மில்லுக்கு இதில்தான் போகிறேன். எங்கே இன்னொருத்தர் என்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாவியை எடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. ஒரே ஒரு தலையணை உயரம்தான் பாக்கி இருந்தது, பாய். நீங்கள் ஏறியிருப்பீர்கள்.