வாசலில் ஆறிய கஞ்சி

யோக்யகர்த்தா, விடாத மழை

என்னோடு பேசாத ரெத்னோவுக்கு,

உன் அறை வாசலில் நான் வைத்த கோழிக்கஞ்சி தொடாமலே ஆறிக் கிடக்கிறது.

விடுதி முழுக்கக் காய்ச்சல் பரவாமலிருக்க உன்னைத் தனியறையில் இருக்கச் சொன்னேன். அதற்கு நீ கோபப்படவில்லை. முந்தாநாள், உடம்பில் ஏறிய காற்று இறங்க, எண்ணெய் தொட்டுக் காசால் முதுகைச் சுரண்டிவிடக் கேட்டாய். பரீட்சை இருக்கிறதென்று மறுத்தேன். “போன மாசம் உனக்குச் சுரண்டினப்ப எனக்கு மட்டும் பரீட்சை இல்லையாடி?” என்று கத்தினாய்.

அந்தப் பரீட்சை நேற்றே முடிந்துவிட்டது.

காலைவரை சுவருக்கு அப்பால் நீ இருமுவது கேட்டது. இப்போது கேட்கவில்லை. “தூங்குறா, விடுடி” என்கிறார்கள் விடுதிப் பெண்கள்.

இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இங்கேயே நிற்கிறேன். என்னைத் திட்டவாவது கதவைத் தட்டு. தட்டாவிட்டால் முகக்கவசத்தோடு உள்ளே வருவேன். கையில் எண்ணெயும் சுரண்டக் காசும் இருக்கின்றன.

பக்கத்து அறைக்காரி