ஆலோசகர் உங்களைத்தான் கேட்டார்

அப்பா,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி கதவிலேயே இருக்கிறது.

நேற்று மறதி கிளினிக்கில் ஆலோசகர் உங்களைப் பார்த்துத்தான் கேட்டார்: "இந்த மறதி இப்படியே நிக்குமா, முத்திப்போகுமா, வாய்ப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணுமா?" நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "வேணாம், பயந்துடுவார்" என்றேன். பயந்தது நான்தான்.

பஸ்ஸில் நீங்கள், "நைட் ஷிப்ட் முடியாதுன்னு வேலைக்கே முழுக்குப் போட்டவன் நீ, என் மூளைக்கு மேனேஜராடா?" என்றீர்கள். தூங்குவதுபோல் நடித்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இப்போதும்தான்.

ஆலோசகரிடம் போனில் பேசிவிட்டேன். இன்று நாலு மணிக்கு வரச் சொன்னார். மூன்றரைக்கு வந்து கூட்டிப்போகிறேன். உள்ளே நீங்கள் மட்டும் போங்கள்.

பி.கு.: அவர் சொல்வதை என்னிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நானாகக் கேட்க மாட்டேன்.